வெள்ளரிக்காய்க்கு வலிக்காது

1

போன மாதத்தோடு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடம் முடிந்தது. அதைக் கொண்டாட வேண்டும் என்று என் மனைவி சாந்திதான் சொன்னாள். வார நாளில் நானும் அவளும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது நடக்காத காரியம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையே சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். மகள் கீர்த்தி இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே மாடிக்குப் போய்விட்டாள். மீதியை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

சாந்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் படிப்புக்குக் கிடைத்த விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன் நான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. கவரப்பேட்டையில் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் பதினான்கு வருடம் நெருப்புக்கு முன்னால் நின்றவனை எந்த நாடு தனியாகக் கூப்பிடப் போகிறது? இங்கே எனக்கு ஒரு சலவை ஆலையில் வேலை. சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகள், ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் எங்களிடம்தான் வரும். ஊரில் கேட்பவர்களிடம் 'ஆஸ்பத்திரி சம்பந்தமான வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் என்று சொல்ல முடியாது.

பொங்கல் வைத்த இரண்டாம் நாள் வேலைக்குப் போனால், கேண்டீன் சுவரில் என் படம் ஒட்டியிருந்தது. மாதத்தின் சிறந்த தொழிலாளி. என் அடையாள அட்டையில் இருக்கும் அதே படம், பெரிதாக்கியதில் இன்னும் பயந்தவன் மாதிரி இருந்தேன். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. சொல் சொல்லாகத் தமிழில் வைத்தால் இப்படி வரும்: 'எந்த நெருக்கடியிலும் வெள்ளரிக்காயைப் போலக் குளிர்ச்சியாக இருப்பவர்.' பதறாதவர் என்று அர்த்தம்.

இடது கையில் டீயைப் பிடித்துக்கொண்டு அதைப் படித்தேன். இடது கையில் ஏன் என்றால், அன்று காலை வலது கை சீப்பைத் தலைவரைக்கும் கொண்டுபோகவில்லை. என் சட்டையின் மேல் பொத்தானைச் சாந்திதான் போட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். வலது தோள்மூட்டுக்குள் தசைநார் நைந்துபோயிருக்கிறது. எங்கள் பகுதி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைக்கு மேலே கையைத் தூக்கும் வேலையை உடனே நிறுத்து, இல்லாவிட்டால் அறுந்துபோகும், அறுந்தால் ஆபரேஷன் செய்தாலும் பழைய கை வராது என்று சொன்னார். அவர் கடிதத்தை ஆலைக்குக் கொடுத்தேன். ஆலைக்காக வந்து பார்க்கும் ஒரு நர்ஸ் அம்மா என்னைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார். பரிசோதித்தபின் வந்த முடிவு: முழு வேலைக்கும் தகுதியானவர். அப்படி ஒரு முடிவு வந்ததற்குக் காரணம் ஆலை இல்லை, அந்த நர்ஸும் இல்லை. நான்தான். மறுபடி பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்க, பரிசோதித்த நாளிலிருந்து இரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். என் படம் சுவரில் ஏறிய அன்று, அதில் ஐந்து நாள்தான் மீதி.

2

எங்கள் ஆலையில் அழுக்குத் துணி பெரிய பைகளில் வரும். ஒவ்வொரு பையின் வாயையும் நாடாவால் இறுக்கி, தலைக்கு மேலே ஓடும் கொக்கியில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் போதும், மெஷின் இழுத்துக்கொண்டு போய்விடும். மாட்டுவதுதான் வேலை. எனக்குக் கொக்கி எட்டும், ஆனால் எக்கி நின்றுதான் எட்டும். மேலே பார்த்தபடி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு, பையின் கனத்தைத் தோளில் வாங்கி, கொக்கி வரும் நொடியில் மாட்ட வேண்டும். தவறினால் அடுத்த கொக்கி. அதற்குள் பின்னால் இரண்டு பை சேர்ந்துவிடும்.

இந்தப் பகுதிக்கு மூன்று பேர் வேண்டும். பெரும்பாலும் இரண்டு பேர்தான் இருப்போம். யாராவது லீவு போட்ட நாளில் சூப்பர்வைசர் டேரன் வந்து என் முதுகில் தட்டி ஏதாவது ஒரு வாசகம் சொல்வார். 'டெஸ், கோட்டையைப் பிடித்துக்கொள்.' ஆள் வரும்வரை நீயே சமாளி என்று அர்த்தம். என் பெயர் தேசிங்கு. அவர் வாயில் அவ்வளவுதான் நின்றது. டேரன் கெட்ட மனிதர் இல்லை, இதையும் சொல்ல வேண்டும். என் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தவர். ஆனால் ஆள் குறைந்த நாளில் அவரிடம் கொடுப்பதற்கு ஆள் இருக்காது, வாசகம்தான் இருக்கும்.

முதல் வருடம் எதுவும் புரியாமல் சிரித்து வைப்பேன். அப்புறம் பயம் வந்துவிட்டது. நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். அவர் எதையாவது எச்சரித்து, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால்? அதனால் கீர்த்தியின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, காதில் விழுந்ததை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, சாயங்காலம் அவளிடம் அர்த்தம் கேட்பேன். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. பொறுமையாகச் சொல்லுவாள்.

நெருக்கடியை நடையோடு நடையாக எடுத்துக்கொள்கிறவன் என்றால் அலட்டிக்கொள்ளாதவன். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கிறான் என்றால் எப்படியோ மூழ்காமல் ஓட்டுகிறான். தன் உப்புக்குத் தகுந்தவன் என்றால் வாங்கும் சம்பளத்துக்கு உழைக்கிறவன். மேலுதட்டை விறைப்பாக வைத்துக்கொள் என்றால் அழாதே. தன் வெங்காயங்களை அறிந்தவன் என்றால் தொழில் தெரிந்தவன். இதைச் சொன்னபோது சாந்தி அடுப்படியிலிருந்து சிரித்தாள். "நம்ம ஊர்ல மேஸ்திரி உங்கள வெங்காயம்னு எத்தினி தபா திட்டியிருப்பாரு. இங்க அதுவே பெரும!" என்றாள்.

அகலமான தோள் உள்ளவன் என்றும் ஒரு வாசகம் உண்டு. எவ்வளவு வந்தாலும் தாங்குவான் என்று அர்த்தம். டேரன் அதை என்னைப் பார்த்துப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

நோட்டு பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. புரட்டிப் பார்க்கும்போது ஒன்று தோன்றும். இவ்வளவு வாசகத்திலும் தூக்குகிறவனைப் பற்றித்தான் பேச்சு. தூக்க வைத்த கனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆங்கிலத்தைக் குறை சொல்லவில்லை. நம்மிடமும் அப்படித்தானே? அசராம நிக்கிறான், ஈடு குடுக்கிறான், தாக்குப் பிடிக்கிறான், எது குடுத்தாலும் சமாளிச்சிடுவான். ஒருவனைப் பற்றிப் பெண் வீட்டில் விசாரித்தால் ஊரில் இதைத்தான் சொல்வார்கள். என்னைப் பற்றியும் சாந்தியின் அப்பாவிடம் இதைத்தான் சொன்னார்கள்.

கீர்த்திக்கு இப்போது பதினாறு. அர்த்தம் கேட்டால் "கூகுள் பண்ணுப்பா" என்கிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள், அங்கே "இன்னா மிஸ்" என்று கேட்டதற்கு எல்லாப் பிள்ளைகளும் சிரித்ததோடு நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கவரப்பேட்டைத் தமிழ், அது எங்கள் வாயிலிருந்து வந்தது. பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டால் "ஃபைன்" என்பாள். சாந்தியைக் கேட்டால் "போவுது" என்பாள். என்னைக் கேட்டால் "பரவால்ல" என்பேன். எங்கள் வீட்டில் விசாரணை இவ்வளவுதான்.

3

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அந்த நாளில் கம்பி மில் வேலைக்கு யாரும் விண்ணப்பம் போட்டுப் போவதில்லை. காலையில் முதல் வண்டியில் இறங்கி, கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். முனுசாமி மேஸ்திரி ஒரு சின்ன நோட்டோடு வருவார். காண்ட்ராக்டர் சொன்ன எண்ணிக்கைக்கு ஆள் பொறுக்குவது அவர் வேலை. இருபது பேர் வேண்டுமென்றால் நாற்பது பேர் நிற்போம்.

"கைய தூக்கு" என்பார்.

நாங்கள் வரிசையாக இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்ட வேண்டும். காது மேல் கை ஒட்ட வேண்டும். பிறகு விரலை விரித்து மடக்கிக் காட்ட வேண்டும். உள்ளே பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்புகிற வேலை. முந்தின நாள் சூடு பட்டவன், சுளுக்கு விழுந்தவன், சாராயத்தில் கை நடுங்குகிறவன் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முழுக்கத் தூக்கியவன் பெயர் நோட்டில் ஏறும். தூக்காதவன் அடுத்த வண்டியைப் பிடித்து வீட்டுக்குப் போகலாம். காரணம் கேட்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம். வலிக்குது என்று கேட்டில் வாயைத் திறந்தவனுக்கு ஒரு வாரத்துக்கு வேலை கிடையாது. அது எழுதாத சட்டம்.

என் கூட வேலை செய்த ஏகாம்பரம் ஒருமுறை முழங்கைக்குக் கீழே நன்றாகச் சுட்டுக்கொண்டான். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு மூன்றாம் நாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே கட்டு. "கைய தூக்கு" என்றதும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவன் கைதான் மேலே போனது. சிரித்துக்கொண்டே தூக்கினான். பக்கத்தில் நின்ற எனக்கு மருந்து நாற்றம் அடித்தது. மேஸ்திரி அவன் தோளைத் தட்டி, "இவன் கல்லுடா. பாத்துக் கத்துக்கோங்க" என்றார்.

அன்று முழுக்க அந்தக் கையால் இடுக்கி பிடித்தான். நாங்கள் இரண்டு பேர் நடுநடுவே அவன் இடத்துக்குப் போய் நின்றோம். சாயங்காலம் கட்டு சட்டையோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கை இன்றுவரை நேராக நீளாது.

பதினான்கு வருடம் நான் அந்தக் கேட்டில் கை தூக்கினேன். பழக்கம் என்று இதைச் சொல்லலாமா தெரியவில்லை. தும்மல் வருவது மாதிரி ஆகிவிட்டது.

4

ஆலை நர்ஸின் பெயர் ஹெலன். வயதான அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். மேசை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு தோள் எலும்பு. முதலில் ஒரு படிவம். வலி எவ்வளவு, பூஜ்யம் முதல் பத்துவரை வட்டமிடு என்று இருந்தது. பூஜ்யம் போட்டால் டாக்டர் கடிதம் பொய்யாகும். ஐந்து போட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு அனுப்பினால் விசாவில் ஏதாவது குறித்துவிடுவார்களோ, சாந்தி வேலைக்கு ஏதாவது வருமோ, நிரந்தரமாகத் தங்கக் கொடுத்திருக்கும் மனு என்ன ஆகும் என்று அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். இரண்டைச் சுற்றி வட்டம் போட்டேன்.

"இந்த வேலையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நோட்டில் எழுதிவைத்தது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நடையோடு நடையாக எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்சம் எழுதினார். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கிறேன் என்றேன். உடனே நிமிர்ந்து பார்த்தார். "அப்படியென்றால் சிரமமாக இருக்கிறதா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. உண்மையாகவே கேட்டார் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு வேறு மாதிரிப் பட்டது. தப்பான வாசகத்தை எடுத்துவிட்டோம், ஆளைக் கழித்துவிடுவார்கள் என்று உடம்பு சூடாகிவிட்டது. "நோ, நோ. நோ ப்ராப்ளம்" என்றேன்.

பிறகு அவர் எழுந்து வந்து, "வலிக்காமல் எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு கையைத் தூக்குங்கள்" என்றார்.

தூக்கினேன். காதில் கை ஒட்டும்வரைக்கும் தூக்கினேன். கேட்காமலே விரலை விரித்து மடக்கிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே. வெளியே வந்து கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வலி அடங்கும்வரை சுவரில் நெற்றியை வைத்து நின்றேன்.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. எனக்குச் சரியாகப் புரியாமல் கீர்த்தியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, இந்த லெட்டர் படி நீ ஒலிம்பிக்ஸ்கே போலாம். வலியே இல்ல, ஃபுல் மூவ்மென்ட், வெரி பாசிட்டிவ்னு போட்டுக்கீது. யாரு வந்து டெஸ்ட் குடுத்தது, நீதானா?"

"நான்தான்."

"ஏன்பா அப்டி சொன்ன?"

"உனக்குப் புரியாதுமா."

"ஓகே" என்று கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். புரியவைக்க முயற்சி செய்திருக்கலாம். அந்த 'ஓகே' என் காதிலேயே இருக்கிறது.

சாந்தி டூட்டி முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே கடிதத்தைப் படித்தாள்.

"இன்னாங்க சொன்னீங்க அந்த அம்மாகிட்ட?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"கைய தூக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எதுவரைக்கும் தூக்குனீங்க?"

இடது கையால் கூரையைக் காட்டினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளெல்லாம் வார்டுல ஊரான் ஊட்டு ஆளுங்களப் பாத்து வலிக்குதா, எங்க வலிக்குது, எவ்ளோ வலிக்குதுன்னு கேட்டுக்கினு கீறேன். நம்ம ஊட்ல ஒரு ஆளு ராத்திரி பொரண்டு படுக்க முடியாம முனகறாரு, அங்க போய் கைய தூக்கிக் காட்டிட்டு வராரு. ரிவ்யூ கேளுங்க."

"கேட்டா, அன்னிக்கி ஏன் பொய் சொன்னன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

"பொய் சொன்னவன்னு எழுதிட்டா? விசாக்காரன் கேட்டா?"

"உங்க தோளுக்கும் விசாவுக்கும் இன்னாங்க சம்பந்தம்? பேஜாரு புடிச்ச மனுசன்" என்றாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அந்தக் கை அறுந்துபோச்சின்னா எந்தக் கோட்டைய புடிப்பீங்க?" என்றாள். அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் கேண்டீன் சுவரில் வெள்ளரிக்காய் ஏறியது. சுவரில் படம் ஏறியவனே முடியாது என்று எப்படிப் போய்ச் சொல்வது? அதுவும் ஒரு பூட்டு மாதிரி ஆகிவிட்டது.

5

புதன்கிழமை மதிய இடைவேளையில் கேண்டீனில் உட்கார்ந்து ஏகாம்பரத்தைப் போனில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். அவன் இப்போது ஒரு கெமிக்கல் கம்பெனி கேட்டில் காவலாளி. டூட்டி முடித்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாடா தேசிங்கு, லண்டன்ல நாஷ்டா ஆச்சா?"

"லண்டன் இல்லடா. எத்தினி தபா சொல்றது. இங்க மத்தியானம்."

"எனக்கு நீ கீற எடம் எல்லாம் லண்டன்தான். இன்னா கொரலு ஒரு மாரியா கீது?"

தோள், டாக்டர், ஹெலன் அம்மா, கடிதம், சுவரில் படம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளரிக்காய் என்றதும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு சிரித்தான். "யோவ், வெள்ளரிக்காய்க்கு வலிக்காது, அதான் ஜில்லுனு கீது. உனுக்கு வலிக்குது இல்ல?" என்றான்.

"கேட்ல நின்ன மாரியே தூக்கிட்டேன்டா. நீ அன்னிக்கி கட்டோட தூக்குன பாரு, அந்த மாரி. மேஸ்திரிய ஏமாத்துனியே."

அவன் சிரிப்பு நின்றது. பின்னால் ஒலிபெருக்கியில் தெலுங்கிலும் தமிழிலும் ஏதோ அறிவிப்பு ஓடியது.

"ஏமாத்துனேனா? யாரு சொன்னது? முனுசாமி மேஸ்திரிக்குத் தெரியும்டா."

"இன்னாடா சொல்ற?"

"சட்ட மேலயே கட்டு மேடா தெரிஞ்சிது. மருந்து நாத்தம் உனுக்கு அடிச்சிதா இல்லியா? அவருக்கு மூக்கு இல்லியா? தெரிஞ்சிதான் எழுதுனாரு. அப்பால ஒரு நாளு நானே கேட்டுட்டேன், கல்யாணத்துல பந்தில பக்கத்துல ஒக்காந்தப்போ. 'ஏன் நைனா, என் கை வெந்துகீதுன்னு ஒனக்குத் தெரியாதா'ன்னு. அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? 'நீதானடா தூக்குன. நான் பாத்தது தூக்குன கைய. நாளைக்கி உள்ள ஒனக்கு இன்னா ஆனாலும், முழுசா தூக்குனான், எடுத்தேன்னு சொல்லிடுவேன். தூக்காதவன எடுத்தா எனக்குதான் கேள்வி'ன்னாரு. சொல்லிட்டு அப்பளம் கேட்டு வாங்கித் துன்னுகினு இருந்தாரு."

ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தேன்.

"நம்ம கைய பாக்கறதுக்கு தூக்க வெக்கலடா. அப்பால யாரும் அவர கேக்காம இருக்கறதுக்கு தூக்க வெச்சாரு. இப்போ அவரு புள்ள பொறுக்கறான். எல்லாம் ஒடிசா பசங்க. அதே எடத்துல நின்னுகினு, கைய தூக்குன்றதுக்கு இந்தில 'ஹாத் உட்டாவ்'ன்றான். பாஷைதான் வேற."

"நான் இன்னா செய்யட்டும்டா? ரிவ்யூ கேட்டா வேலைய வுட்டுத் தூக்கிடுவானோன்னு கீது."

"அத்த நான் இன்னாத்த சொல்றது, அந்த ஊரு சட்டம் எனக்கு இன்னா தெரியும்? உன் பொண்டாட்டி படிச்சவங்க, அவங்கள கேளு. ரயிலு வந்துட்ச்சி, வெக்கிறேன்."

மேசைக்கு எதிரே என் படம். இருபது வருடமாக ஏகாம்பரம் கெட்டிக்காரன், மேஸ்திரி ஏமாந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிவத்தில் இரண்டுக்கு வட்டம் போட்டது என் கை. கீழே கையெழுத்து என்னுடையது. டேரன் யோசித்தாரோ இல்லையோ, நாளைக்கு என் தசைநார் அறுந்தால் ஆலையில் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. அதை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதன் மேல் வெள்ளரிக்காய் வேறு.

இடைவேளை முடிய நான்கு நிமிடம் இருந்தது. அலுவலகத்துக்குப் போய் ரிவ்யூ படிவம் கேட்டேன். அங்கே இருந்த பெண் ஏன் என்று கேட்கவில்லை. நான் தயார் செய்துவைத்திருந்த காரணம் வீணாய்ப் போனது.

6

அடுத்த வியாழக்கிழமை காலை. சாந்தி டூட்டி மாற்றிக்கொண்டு கூட வந்தாள். போன் வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். முன்பு ஒருமுறை வேறு அலுவலகத்தில் அப்படி ஒருவர் பேசினார். 'தங்கள் அங்கத்தில் வேதனை யாதேனும் உண்டா' என்பது மாதிரி ஒரு தமிழ். அவர் தமிழுக்கும் சேர்த்து நான் பயப்பட வேண்டியிருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

அதே அறை. அதே பிளாஸ்டிக் எலும்பு. ஹெலன் அம்மா பழைய காகிதத்தை முன்னால் வைத்திருந்தார். சாந்தி தன் பாஷையில், அதாவது நர்ஸ்கள் பாஷையில், ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிக்கவும். அவரே சொல்லட்டும்."

சாந்தி என்னைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டாள்.

"கையைத் தூக்குங்கள். வலிக்கிற இடத்தில் நிறுத்துங்கள்."

தூக்கினேன். தோள் உயரம் வந்ததும் ஊசி குத்துகிற இடம் வந்துவிட்டது. அங்கே நிறுத்த வேண்டும். கை நிற்கவில்லை. அது பாட்டுக்கு இன்னும் ஒரு சாண் மேலே போனது. என் முகம் சிரிக்க ஆரம்பித்தது எனக்கே தெரிந்தது. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டியிருந்தது. அப்படி இழுத்து, தோள் உயரத்தில் வைத்துக்கொண்டு, "ஹியர்" என்றேன். "ஹியர் பெயின். மேலே போகும். போனால் ராத்திரி தூக்கமில்லை."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய காகிதத்தைப் பார்த்தார். நான் எதற்குப் பயந்தேனோ அது வந்தது.

"போன தடவை வலி இல்லை என்று சொன்னீர்கள். முழுக்கத் தூக்கினீர்கள். ஏன்?"

நோட்டில் இதற்கு வாசகம் இல்லை. சாந்தி உதவிக்கு வரவில்லை. வர மாட்டாள் என்றும் தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இந்தியா. இரும்பு ஃபேக்டரி. காலை கேட். நாற்பது பேர், இருபது வேலை. ஒரு ஆள் சொல்வான், கை மேலே. முழுக்க மேலே, வேலை உண்டு. பாதி மேலே, வீட்டுக்குப் போ. பதினான்கு வருடம். நீங்கள் சொன்னீர்கள், கை மேலே. என் கை உங்களைப் பார்க்கவில்லை, அந்த ஆளைப் பார்த்தது. இதை முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. நடுவில் 'கேட்' என்பதற்குக் கையால் கதவு திறந்து காட்டினேன்.

நான் முடித்ததும் அவர், "இங்கே நான் ஆள் பொறுக்குவதில்லை" என்றார்.

அது உண்மையா, எனக்குத் தெரியவில்லை. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கிற தெம்பு அன்று எனக்கு இல்லை. "சாரி" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று சாந்தி அப்புறம் கேட்டாள்.

அவர் தட்டச்சு செய்து ஒரு பக்கம் எடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டு என் பக்கம் நகர்த்தினார். இந்த ஆறு வருடத்தில் நான் போட்ட கையெழுத்துக்குக் கணக்கில்லை. விசா, வீடு, வங்கி, பள்ளிக்கூடம் என்று யாராவது விரலை வைத்த இடத்தில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். பேனாவை எடுத்தேன். எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன்.

"படித்துவிட்டுப் போடலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமாக" என்றார்.

விரலை வைத்துப் படித்தேன். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது என்று இருந்தது. தலைக்கு மேலே மாட்டும் வேலை பன்னிரண்டு வாரத்துக்குக் கொடுக்கக் கூடாது, மடிக்கும் பகுதிக்கு மாற்ற வேண்டும், பிறகு மறுபடி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று எழுதவில்லை. தெரியாத சொல் இரண்டு இருந்தது, சாந்தி சொன்னாள். என் பெயரும் 'முடியாது' என்ற சொல்லும் ஒரே வரியில் இருக்கிற காகிதத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இரண்டாவது தடவையும் படித்தேன். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஹெலன் அம்மா காத்திருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே தூறல். சாந்தியின் பேருந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. மடிக்கும் பகுதிக்குப் போனால் டேரன் என்ன சொல்வார், கொக்கிப் பக்கம் எவனை நிறுத்துவார், பன்னிரண்டு வாரம் கழித்து என்ன ஆகும் என்று வரிசையாக வர ஆரம்பித்தது. எப்போதும் வருவதுதான்.

"இப்ப எப்டிங்க கீது?" என்று கேட்டாள்.

"வலிக்குது" என்றேன்.

எனக்கு வலது பக்கமாக நடந்துகொண்டிருந்தவள், சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.